97 காட்டிய ஆக்சிஜன் அளவி: ஏறத்தாழ மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்திடம் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தரும் வகை ஆக்சிஜன் செறிவூட்டிகள் நான்கு இருக்கின்றன. 2021ஆம் ஆண்டு இரண்டாம் அலையின்போது நன்கொடையாக வந்த அவை, தொற்று தணிந்த பிறகும் மூலையில் முடங்கவில்லை. நாள்பட்ட நுரையீரல் நோயோடு வாழும் முதியவர்கள் உள்ள வீடுகளுக்கு மாறி மாறிப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால், மோட்டார் ஓடுகிறது, ஈரப்பதப் புட்டியில் குமிழி வருகிறது என்பதற்கு மேல், அந்தக் குழாயில் வருவதில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மணலியில் கருவியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற ஒரே காரணத்தால் அதைக் கண்டறியும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதற்காக 2023 தொடக்கத்தில் சங்கத்தின் பணத்தில் வாங்கிய கையடக்க ஆக்சிஜன் அளவியைப் பற்றியதே இந்த மதிப்பீடு. குறைகளையும் சொல்லப்போவதால் கருவியின் பெயரையும் விற்ற கடையின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். ஆயினும் மின்வேதிச் சென்சார் உள்ள எந்த நிறுவனத்தின் கருவியை வாங்கினாலும் கீழே சொல்லியிருப்பவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இது விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அன்று. அது நோயாளியின் இரத்தத்தைப் பற்றிச் சொல்வது. இது நோயாளிக்குக் கொடுக்கப்படும் வாயுவைப் பற்றிச் சொல்வது. நைனியப்ப நாயக்கன் தெருவில் நான் ஏறி இறங்கிய கடைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில், "ஆக்சிஜன் மீட்டர்" என்று கேட்டதும் விரல் கருவியைத்தான் எடுத்து நீட்டினார்கள்.

கருவி உள்ளங்கையில் அடங்குகிறது. இரண்டு பென்சில் செல்களில் இயங்குகிறது. 0 முதல் 100 விழுக்காடு வரை அளப்பதற்கானது, ஒரு தசம இடம் வரை காட்டுகிறது. திரை பெரியது, எழுத்துத் தெளிவானது, கண்புரை அறுவைக்குக் காத்திருந்த நாள்களில்கூட என்னால் கண்ணாடியின்றிப் படிக்க முடிந்தது. இதன் உயிர் சென்சாரில் இருக்கிறது. மெல்லிய சவ்வு ஒன்றின் வழியே ஆக்சிஜன் உள்ளே கசிந்து, காரக் கரைசலில் அமிழ்ந்திருக்கும் ஈய மின்முனையை மெல்ல மெல்ல ஆக்சைடாக்குகிறது. அப்போது பிறக்கும் சிறு மின்னோட்டத்தைத்தான் கருவி விழுக்காடாக மாற்றிக் காட்டுகிறது. ஆகவே இந்தச் சென்சார் உண்மையில் ஆக்சிஜனைத் தின்று தீரும் ஒரு மின்கலம். கருவியை அணைத்து வைத்தாலும், உறையைப் பிரித்த நாள் முதல் அது செலவாகிக்கொண்டேதான் இருக்கும். மற்றொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும்: அந்த மின்னோட்டம் ஆக்சிஜனின் விழுக்காட்டைப் பொறுத்ததன்று, அதன் பகுதி அழுத்தத்தை, அதாவது மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜன் மட்டும் தரும் பங்கைப் பொறுத்தது. இந்த வேறுபாடு ஏட்டளவில் நுணுக்கமாகத் தோன்றினாலும், சென்னையில் அதுதான் எல்லாத் தொல்லைக்கும் வேர்.

வாங்கிய அன்று கையேட்டில் சொன்னபடியே செய்தேன். மொட்டைமாடியில் திறந்த காற்றில் கருவியை வைத்து, அளவுத்திருத்தப் பொத்தானை அழுத்தினேன், 20.9 என்று நின்றது. பிறகு கீழே வந்து முதல் செறிவூட்டியைக் கால் மணி நேரம் ஓடவிட்டு அளந்தபோது 97.2 காட்டியது. சங்கச் செயலாளருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "சார், புது மெஷின் மாதிரி இருக்கே!" என்றார். எனக்கோ அந்த எண்ணைப் பார்த்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது.

காரணம் எளிது. செறிவூட்டி ஆக்சிஜனை உண்டாக்குவதில்லை. அறைக்காற்றை அழுத்தி ஜியோலைட் மணிகளின் ஊடே செலுத்தி நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவே. காற்றில் ஏறத்தாழ 0.93 விழுக்காடு இருக்கும் ஆர்கானை அந்த மணிகள் பிடிப்பதில்லை; ஆகவே அது ஆக்சிஜனோடு சேர்ந்தே வெளியே வரும். நைட்ரஜன் முழுவதையும் ஒரு துளியும் விடாமல் நீக்கினாலும், எஞ்சும் கலவையில் ஆக்சிஜன் 95.7 விழுக்காட்டைத் தாண்ட இயலாது. வீட்டுச் செறிவூட்டி 97 தருகிறது என்றால், பொய் சொல்வது செறிவூட்டியன்று, அளவியே.

சங்கத்திடம் பி வகைச் சிலிண்டர் ஒன்றும் இருந்தது. மருத்துவ ஆக்சிஜன், அதாவது 99 விழுக்காட்டுக்குக் குறையாதது. அதில் கருவியை இணைத்தபோது 103 காட்டியது. நூறு விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன் உலகில் எங்கும் இல்லை என்பதால், இனி விவாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று. கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன், "கையேட்டில் 20.9 என்றுதானே போட்டிருக்கிறது, அப்படியே செய்யுங்கள்" என்று பதில் வந்தது. கருவியில் குறையொன்றும் இல்லை என்பதைப் பிறகுதான் நானே கண்டுகொண்டேன். கையேட்டின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், ஈரப்பதத்துக்கான அட்டவணை இருந்தது.

20.9 என்பது உலர்ந்த காற்றில் இருக்கும் ஆக்சிஜனின் கணக்கு. சென்னையில் 31 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட ஒரு சாதாரண நாளில், காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றரை விழுக்காட்டை நீராவியே எடுத்துக்கொள்கிறது. மற்ற வாயுக்கள் அந்த அளவுக்கு ஒதுங்கிக்கொள்கின்றன. அன்று மொட்டைமாடியில் உண்மையாக இருந்த ஆக்சிஜன் 20.2 விழுக்காடுதான். அதைக் கருவிக்கு 20.9 என்று நான் சொல்லிக் கொடுத்தேன். அது நான் சொன்னதை நம்பி, அளக்கும் ஒவ்வொன்றையும் மூன்றரை விழுக்காடு பெருக்கிக் காட்டியது. உலர்ந்த குளிர்நாட்டுக் குளிர்காலத்தில் இந்தப் பிழை கண்ணுக்கே தெரியாது. நம் ஊரில் கடலோரக் காற்றில் அது ஆண்டு முழுவதும் கூடவே இருக்கிறது, குளிரூட்டிய அறையில் சற்றுக் குறைகிறது.

மூன்றரை விழுக்காடு ஒரு பொருட்டா என்று கேட்கலாம். செறிவூட்டியின் ஆக்சிஜன் 90 முதல் 96 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 82க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தரவிதி. மேற்சொன்ன பிழையோடு அளந்தால், 87 தரும் இயந்திரம் 90 என்று தேர்ச்சி பெற்றுவிடும். எச்சரிக்கை எல்லையில் நிற்கும் 82, திரையில் ஏறத்தாழ 85 ஆகத் தெரியும். இயந்திரம் தளரத் தொடங்கும் கட்டத்தில்தான் அளவி நமக்குத் தேவைப்படுகிறது. அந்தக் கட்டத்திலேயே அது நம்மைத் தட்டிக்கொடுத்து உறங்க வைக்கிறது.

ஆகவே இப்போது மொட்டைமாடிக் காற்றை நம்புவதில்லை. கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் மீன் தொட்டிக்கு விற்கும் சிறிய காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி, சிலிக்கா ஜெல் மணிகள் நிரப்பிய நீண்ட குழாயோடு இணைத்திருக்கிறேன். மணிகளின் தூள் சென்சாருக்குப் போகாதபடி இரு முனையிலும் பஞ்சு வைத்திருக்கிறேன். இதன் வழியே வரும் காற்று உலர்ந்தது, அதில் 20.9 என்று திருத்தினால் அது உண்மையான 20.9. ஆரஞ்சு நிற மணிகள் ஈரம் குடித்துப் பச்சையானதும், அடுப்பில் இளஞ்சூட்டில் வறுத்து மீண்டும் பயன்படுத்தலாம். சமையலுக்குப் பயன்படாத பழைய வாணலியில்தான் அதைச் செய்ய வேண்டும். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கும் என்பதால் அவற்றை நான் வீட்டுக்குள் விடுவதில்லை. செறிவூட்டி ஓடிக்கொண்டிருக்கும் அறையிலும் இந்தத் திருத்தத்தைச் செய்யலாகாது. அதன் பின்புறம் வெளியேறும் கழிவுக் காற்றில் நைட்ரஜன் மிகுந்திருக்கும். பம்பு அதை இழுத்துக்கொண்டால் கணக்கு மறுபடியும் கெடும்.

உலர்காற்றில் திருத்தியதும், அடுத்து சிலிண்டர் வாயுவைக் காட்ட வேண்டும். அங்கே பொத்தானை அழுத்தாமல் வெறுமனே படிக்கிறேன். 98க்கும் 101க்கும் இடையே நின்றால் இரு முனையும் சரி. இதற்கு மேல் வேலையில் வேதியியல் எதுவும் இல்லை, ஆனால் ஆபத்து முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஆக்சிஜன் தானாக எரிவதில்லை. எரியக்கூடியது எதுவாயினும் அதை வெறிகொண்டு எரியச் செய்கிறது. அறைக்காற்றில் ஆக்சிஜன் 23.5 விழுக்காட்டைத் தாண்டினாலே அது செறிவு மிகுந்த சூழல் என்று தொழிற்பாதுகாப்பு விதிகள் கருதுகின்றன. வாயு பட்ட துணியும் தலைமுடியும் சிறிது நேரத்துக்கு அதைத் தம்முள் வைத்திருக்கும். எனவே பூசையறைக்கு அடுத்த அறையில், விளக்கோ ஊதுவத்தியோ கொசுவத்தியோ எரியும் இடத்தில், நான் சிலிண்டரைத் திறப்பதில்லை. சன்னலைத் திறந்து வைக்கிறேன். ரெகுலேட்டரின் மரையில் எண்ணெயோ கிரீசோ ஒரு சொட்டும் படக்கூடாது. மரை இறுக்கமாக இருக்கிறதென்று தேங்காய் எண்ணெய் தடவ முயன்ற இளைஞர் ஒருவரை ஒருமுறை கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறேன். கைகளில் தடவும் சாராயக் கிருமிநாசினி முழுவதும் உலர்ந்த பிறகே வால்வைத் தொட வேண்டும். நிரம்பிய சிலிண்டரில் 150 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். வால்வைச் சட்டென்று திறந்தால் ரெகுலேட்டருக்குள் நெரியும் வாயு சூடேறும், அந்தச் சூடே தீ பிடிக்கப் போதுமானதாகலாம். ஆகவே சிலிண்டரைச் சங்கிலியால் சுவரோடு பிணைத்துவிட்டு, பக்கவாட்டில் நின்று, மெதுவாகத் திறக்க வேண்டும்.

அடுத்தது கருவியின் பாதுகாப்பு. வாயு சென்சாரின் முகத்தில் நேரே மோதி அடைபடக் கூடாது. 'டி' வடிவ இணைப்பின் ஒரு கையில் வாயு வரட்டும், நடுவில் சென்சார் இருக்கட்டும், மறு கை திறந்தே இருக்கட்டும். ஓட்டம் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் போதும். மறுமுனையை விரலால் மூடினால் அழுத்தம் கூடி எண் ஏறும், சவ்வும் கிழியலாம். செறிவூட்டியை அளக்கும்போது ஈரப்பதப் புட்டிக்கு முன்னரே குழாயைப் பிரித்து அளப்பது ஈரப்பதத்தின் காரணத்தால்தான்: புட்டியைக் கடந்து வரும் ஈரவாயுவை அளந்தால் இயந்திரத்துக்கு வீண்பழி வந்துசேரும். ஐந்து லிட்டர் இயந்திரத்தை ஐந்து லிட்டர் ஓட்டத்தில் அளக்க வேண்டும். ஒரு லிட்டரில் அளந்தால் தளர்ந்த இயந்திரமும் நல்ல பெயர் வாங்கிவிடும்.

இப்படி உலர்காற்றையும் சிலிண்டரையும் கொண்டு அளந்தபோது, அந்த முதல் செறிவூட்டி 94 தந்தது. நல்ல இயந்திரம், 97ஐவிட நம்பத்தக்க எண். ஆனால் அதன் பிறகு கருவியைக் கையில் எடுத்த செயலாளர், சாதாரண அறைக்காற்றில் 20.2 காட்டுவதைப் பார்த்துவிட்டு, "ரிப்பேர் ஆயிடுச்சா சார்?" என்று கவலைப்பட்டார். 20.2 தான் சரி என்று அவரை நம்பவைக்க நான் பட்ட பாடு பெரிது. இன்றும் அவர் முழுமையாக நம்பியதாகத் தெரியவில்லை.

சென்சாரின் முதுமை இன்னொரு கதை. கிழடான சென்சார் குறைந்த செறிவில் நன்றாகவே நடிக்கும். மிகுந்த ஆக்சிஜனைக் காட்டும்போதுதான் அதற்கு மூச்சு வாங்கும், ஏனெனில் தேவையான மின்னோட்டத்தைத் தர அதனிடம் ஈயம் மிச்சமிராது. 2025 நடுவில் என் சென்சார் உலர்காற்றில் ஒழுங்காக 20.9 நின்றது, சிலிண்டரிலோ 95.6க்கு மேல் ஏறவில்லை. அன்று பழைய முறைப்படி ஈரக்காற்றில் திருத்தியிருந்தேனானால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சிலிண்டரில் ஏறத்தாழ 98.9 வந்திருக்கும். அதாவது, ஈரத்தால் ஏறும் பிழையும் முதுமையால் இறங்கும் பிழையும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு, சாகக் கிடக்கும் சென்சாரைக் கட்டுமத்தான சென்சாராகக் காட்டியிருக்கும். அறைக்காற்றில் மட்டும் திருத்தும் பழக்கம் எனக்கு முற்றிலும் கசந்துபோனது அன்றுதான்.

மாற்றுச் சென்சாரின் விலை கருவியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. வந்துசேர மூன்று வாரம். அதுவும் முதலில் வந்ததன் உறையில் அச்சிட்டிருந்த தயாரிப்புத் தேதி பதினான்கு மாதம் பழையது. இரண்டாண்டு ஆயுள் என்று விற்கப்படும் பொருளில் பாதிக்கு மேல் அலமாரியிலேயே கழிந்திருக்கக்கூடும் என்பதை எடுத்துச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். முகஞ்சுளித்தாலும் மாற்றித் தந்தார்கள். புதிய சென்சாரைப் பொருத்தியதும் அரை மணி நேரம் காத்திருந்து, எண் அசையாமல் நின்ற பிறகே திருத்த வேண்டும். பழையதைக் குப்பைத் தொட்டியில் போடலாகாது: உள்ளே ஈயமும் அரிக்கும் காரக் கரைசலும் இருக்கின்றன. கசிவு தெரிந்தால் கையுறையோடு எடுத்து நெகிழிப் பையில் கட்டி, மின்னணுக் கழிவு வாங்குவோரிடம் சேர்க்க வேண்டும். தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். சென்சாரைத் திறந்து பார்க்கும் ஆசை யாருக்கும் வேண்டாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேளச்சேரியை மூழ்கடித்தபோது, இந்தக் கருவி தரைத்தளத்துச் சங்க அறையின் அலமாரியில் இருந்தது. வெள்ளம் அலமாரியின் கீழ்த்தட்டோடு நின்றுவிட்டது. ஆனால் பல நாள் ஈரத்தில் செல்கள் கசிந்து, தொடுமுனைகளில் பச்சை பூத்துவிட்டது. கழற்றி, மெல்லிய தூரிகையால் துடைத்து, மறுபடியும் இயக்கினேன், பிழைத்துக்கொண்டது. கட்டுமானத்துக்கு இதில் முழு மதிப்பெண் தரலாம். அதிலிருந்து, அளக்காத நாள்களில் செல்களைக் கழற்றிவிட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் இரண்டாம் தளத்தில் வைத்திருக்கிறேன். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் அளப்பதும் தவறு: குளிர்ந்த சவ்வின்மேல் பனித்துளிபோல் ஈரம் படிந்து வாயுவை மறைக்கும், எண் இறங்கிவிடும். அரை மணி நேரம் வெளிவெப்பத்துக்கு வரவிட்டு, சென்சாரின் முகம் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து அளந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஈரத்தைத் துணியால் துடைக்கவோ முடி உலர்த்தியால் ஊதவோ கூடாது.

ஆண்டுக்கு ஒருமுறை வெளிச் சோதனைக்கும் அனுப்புகிறோம். முதலாண்டு அனுப்பிய இடத்தில் கருவியின்மேல் ஒரு வண்ண வில்லையை ஒட்டி, "சரி" என்ற ஒற்றைச் சொல்லோடு ஒரு தாளைத் தந்தார்கள். கருவி வந்தபோது என்ன காட்டியது, எந்த வாயுவில் சோதித்தார்கள் என்ற விவரமே இல்லை. அதற்குக் கொடுத்த பணம் வீண் என்பேன். அடுத்த ஆண்டு அம்பத்தூர் தொழிற்பேட்டையில், சோதனை, அளவுத்திருத்தக் கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் பெற்ற கூடமொன்றில் கொடுத்தோம். நைட்ரஜனில் சுழி, 20.9, உயர்செறிவு ஆக்சிஜன் என்று மூன்று புள்ளிகளிலும் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் கண்ட அளவுகளை, எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்ற அளவீட்டு ஐயப்பாட்டோடு எழுதித் தந்தார்கள். கட்டணம் இரு மடங்கு. இருப்பினும் அடுத்தமுறையும் அங்கேதான் கொடுப்பேன். சான்றிதழ் கேட்பவர்கள் அங்கீகாரம் உண்டா என்பதோடு நிறுத்தாமல், அந்த அங்கீகாரத்தின் வரம்பில் ஆக்சிஜன் அளவி இடம்பெற்றிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

இதைவிட மலிவாக, ஒலியின் வேகத்தைக் கொண்டு செறிவைக் கணக்கிடும் கருவிகளும் இப்போது கிடைக்கின்றன. சென்சார் தீர்ந்துபோகாது, அடிக்கடித் திருத்த வேண்டியதில்லை என்பது அவற்றின் வலு. செறிவூட்டியின் உலர்ந்த வாயுவுக்கு மட்டுமே பொருந்தும் என்பது எல்லை. ஒரே ஒரு செறிவூட்டியை வீட்டில் வைத்திருப்பவருக்கு அதுவே போதும்; சிலிண்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர்களும் எங்களைப் போன்ற சங்கங்களும் மின்வேதி வகையையே வாங்கலாம். கருவிக்கு நான் ஐந்தில் நான்கு தருவேன். குறைந்த ஒன்று, ஈரப்பத அட்டவணையைக் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தில் ஒளித்து வைத்ததற்காக. கடைக்கு இரண்டரைக்கு மேல் தர மனமில்லை.

கருவியோடு ஒரு நாற்பது பக்க நோட்டையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தேதி, உலர்காற்று எண், சிலிண்டர் எண், செறிவூட்டி எண், ஓட்டம், அளந்தவர் கையொப்பம் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எழுதுகிறோம். மூன்றாம் எண் இயந்திரம் கடந்த நான்கு மாதங்களில் 93, 92, 90, 88 என்று இறங்கியிருக்கிறது; ஜியோலைட் மாற்றுவதற்காகச் சென்ற வாரம் அதை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம்.